ஏழாவது இடம்

சீசன் முழுக்க ஒரு ஞாயிறு விடாமல் ஜெயித்த சைக்கிள் சாம்பியன், இன்று கடைசிப் பந்தயத்தில் ஏழு பேரில் ஏழாவதாக வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததுமே ஹெல்மெட் சோபாவுக்குப் பறந்தது.

“பெரிய ரேஸ்ல ஊக்கமருந்து போட்டு ஓட்டறானுங்கன்னு டிவியைப் பாத்துத் திட்டுவேனே, அந்த அசிங்கம் நம்ம பசங்க வரைக்கும் வந்துடுச்சு!”

“எப்படிச் சொல்றீங்க?” வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள் மனைவி.

“போன வாரம்கூட மேட்டுல நாக்குத் தள்ளி என் பின்னாடி வந்தவனுங்க. இன்னிக்கு ஆறு பேரும் கதை பேசிக்கிட்டே என்னைத் தாண்டிப் போறானுங்க! ஒரே வாரத்துல எங்கிருந்து வந்துச்சு இந்தத் தெம்பு? அத்தனை பேருக்கும் டெஸ்ட் எடுக்கணும்!”

“டெஸ்ட்டெல்லாம் எதுக்குங்க? அந்த ஆறு பேருக்கும் மேனேஜரா இருந்த நீங்க, முந்தாநாள்தானே ரிட்டயர் ஆனீங்க?”