மூன்றாம் வகுப்பின் பாஷை

"நல்லா வாயாடிக்கிட்டிருந்த புள்ளய ஊமையாக்கிட்டீங்களே டீச்சர், இது நியாயமா?"

வகுப்பறை வாசலில் நின்ற கோவிந்தசாமிக்கு மூச்சு வாங்கியது. குமராட்சி மினி பஸ் டிரைவர். காலை டிரிப்பை முடித்து, வண்டியைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு நேரே மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். இரண்டு தடவை கூப்பிட்டும் எழிலரசி டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்ததில் அவர் கோபம் இன்னும் ஏறிப் போயிருந்தது. முன் பெஞ்சுப் பிள்ளை ஒன்று கையாட்டிக் காட்டிய பிறகுதான் டீச்சர் திரும்பினார்.

"இளமதி அப்பாவா? பதறாதீங்க. என்னைப் பாத்து நிதானமா சொல்லுங்க."

"என்னாத்த சொல்றது? சோறு வேணுமான்னு கேட்டா கைய ஆட்டுது. எங்கடி போறேன்னா வெரல மடக்கி மடக்கிக் காட்டுது. திட்டுனா சிரிக்குது. இப்ப எம் பொண்டாட்டியும் அதுகூட சேந்துக்கிட்டு ஆட்டுறா. மந்திரிச்சுக் கயிறுகூட கட்டியாச்சு. டி.சி. குடுத்துடுங்க, வேற ஸ்கூல்ல சேத்துக்கறேன்."

டீச்சருக்குக் கோபம் வரவில்லை.

"எங்க கிளாஸ்ல ஒருத்தருக்குக் காது கேக்காது. அவுங்கள ஒதுக்கிட்டுப் போவக் கூடாதுன்னு எச்.எம். சிஸ்டர் சொல்லிட்டாங்க. சைகை பாஷை தெரிஞ்சவர் ஒருத்தர சனிக்கிழமையில வரவெச்சு, நாப்பத்திரண்டு புள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க. மொதல்ல கத்துக்கிட்டது ஒங்க பொண்ணுதான்."

"ஒருத்தருக்காவ இத்தினி பேரா?"

"கால் முடியாதவர் ஒருத்தர் ரோட்டுல நின்னா, பஸ்ஸ நிறுத்துவீங்களா மாட்டீங்களா?"

"நானே எறங்கி, தூக்கி ஏத்திட்டுத்தான் எடுப்பேன்!"

"அதேதாங்க. உள்ள வாங்க."

டீச்சர் கைகாட்ட, இளமதி எழுந்து முன்னால் வந்தாள். "கார்த்திகை வெள்ளத்தப் பத்தி அப்பாவுக்குச் சொல்லும்மா."

அவள் வாயைத் திறக்கவில்லை. பத்து விரல்களும் மழையாக இறங்கின. கொள்ளிடம் பெருகி இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. கூரைமேல் ஜனங்கள் கைகூப்பினார்கள். அப்புறம் அவள் இரண்டு கைகளாலும் ஒரு பெரிய ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துத் திருப்பினாள். தண்ணீருக்குள் ஒரு வண்டி முக்கி முனகி வந்தது. குழந்தைகளை, ஆடுகளை, கட்டிலோடு ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனது. கடைசியில் அவள் தன் நெஞ்சைத் தொட்டு, கோவிந்தசாமியைச் சுட்டினாள்.

ஒரு சொல் இல்லாமலே அவருக்கு எல்லாம் விளங்கியது. நாற்பத்தொரு பிள்ளைகளும் கைகளை மேலே தூக்கி விரல்களை அசைத்தார்கள். அதுதான் கைதட்டல் போலிருக்கிறது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்தக் கூட்டத்தில் அந்தக் காது கேளாத பிள்ளை எது? கடைசி பெஞ்சில் ஒரு பையன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அவர் அவனருகே போய்க் குனிந்து, "தம்பீ! ஒம் பேரென்னா?" என்று உரக்கக் கேட்டார்.

"செம்பியன். எதுக்கு மாமா கத்துறீங்க?"

வகுப்பே சிரித்தது. அடுத்து ஜன்னலோரத்துச் சிறுமியிடம் கேட்டார். "சுவேதா" என்று பளிச்சென்று பதில் வந்தது. அவர் தோற்றுப்போய்த் தலையைச் சொறிந்தார். டி.சி. பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. டீச்சருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் புறப்பட்டார்.

வழியனுப்ப இளமதி வராண்டாவரை வந்தாள்.

"ஆறு மாசமா இதச் சொல்லவே இல்லியேடி?"

"நீ எங்கப்பா கேட்ட? திட்டத்தான செஞ்ச."

அவர் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். "ஒங்கள மாதிரி புள்ளைங்க கெடைக்க அது குடுத்து வெச்சிருக்கணும். அந்தக் காது கேக்காத புள்ள யாரும்மா? என்னால கண்டே புடிக்க முடியல."

இளமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"புள்ள இல்லப்பா, எங்க டீச்சர்! ஜூன் மாசம் ஜொரத்துல காது போயி, வேலய வுட்டுட்டுப் போறேன்னு அழுதாங்க. 'போவாதீங்க டீச்சர், ஒங்களுக்காவ நாங்க கையால பேசுறோம்'னு நாங்கதான் புடிச்சு வெச்சுக்கிட்டோம்."