டேஷ்போர்டில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு

எஞ்சினுக்கு இருப்பதைப் போலவே, ஓட்டுகிறவரின் இதயத்துக்கும் டேஷ்போர்டில் ஒரு விளக்கு இருந்தது. போன மாதம் அது மஞ்சளாக எரியத் தொடங்கியபோது, கண்ணைக் குத்துகிறது என்று கதிர்வேலன் தன் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டார்.

இன்று கல்யாணத்துக்குப் போகும் வழியில், திண்டிவனம் தாண்டியதும் பொட்டைச் சுற்றிச் சிவப்பு கசிந்தது.

"சடார்னு பிரேக் போடாதீங்க. இண்டிகேட்டர் போட்டு மெதுவா ஓரங்கட்டுங்க," என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த மனைவி மங்கையர்க்கரசி.

ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். "எஞ்சின்தான் சூடாயிருக்கும்," என்று பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்தார், தண்ணீர் பார்த்தார். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"வண்டி நல்லாத்தான இருக்கு!"

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு. நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததும் விளக்கு அணைந்தது.

"பாத்தியா, தானா சரியாயிடுச்சு! நேரா கல்யாணத்துக்கே போயிடலாம்."

"டிரைவர் மாறினா அணையாம என்ன செய்யும்?"

அவள் நெற்றிப் பொட்டு வியர்வையில் எங்கோ விழுந்திருந்தது. டேஷ்போர்டில் இருந்ததை உரித்து, நெற்றியில் அழுத்தி ஒட்டிக்கொண்டு, வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினாள்.