கடைசிப் பெட்டி தாண்டும்வரை

விசில் கேட்டதும் அவள் கால்கள் தண்டவாளத்தை விட்டு விலகிவிட்டன.

அவளைக் கூப்பிடத்தான் ஊதினார் தன்ராஜ். செடி நர்சரியைச் சுற்றி ஓடப்போகும் குட்டி ரயிலின் முதல் பெட்டியில் அவளுக்கென்று இடம் ஒதுக்கி, சாமந்திச் சரம்கூடக் கட்டியிருந்தார்கள். தண்டவாள வளைவை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள், வந்து ஏற வேண்டியதுதான் பாக்கி.

அவளோ ரோஜா நாற்றுகளை ஒட்டி நின்று, ரயிலைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டாள்.

போத்தனூர் ரயில்வே கேங்கில் இருபத்தாறு வருடம் தண்டவாளம் பராமரித்த பழக்கம். ஒதுங்கி நின்று கையை உயர்த்தினால், பாதை சரி, வரலாம் என்று அர்த்தம்.

தன்ராஜ் மட்டும் லேசுப்பட்டவரா? ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். கையைப் பார்த்ததும் வண்டியை எடுத்துவிட்டார்.

நர்சரி முழுக்கச் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. வளைவைப் பார்த்தாள்.

சோதனை ஓட்டத்தில் மூன்று முறை அங்கேதான் தடம் புரண்டது. இன்னொரு முறை புரண்டால் ரயிலே வேண்டாம், கழற்றிவிடலாம் என்று நர்சரி நடத்தும் குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது.

"நான் பாக்கறேனுங்க" என்றவள் இவள்தான். பொம்மை ரயிலுக்கு இத்தனை பாடா என்று கேட்டவர்களைச் சட்டை செய்யவில்லை. நான்கு நாள் குந்தி உட்கார்ந்து, வெளிப்பக்கத் தண்டவாளத்தை அரை விரல் தூக்கி, சன்ன ஜல்லி இட்டு இறுக்கினாள்.

காலிப் பெட்டிகளோடு நேற்று ஓடிவிட்டது. ஆள் பாரத்தோடு இன்றுதான்.

வண்டி வளைவில் நுழைந்தது. பன்னிரண்டு பிள்ளைகள்.

ஒரு குலுங்கல் இல்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, செம்பருத்தி வரிசைக்குப் பின்னால் போய் மறைந்தது.

அப்பாடா!

பெருமைதான். அதில் என்ன வெட்கம்?

இரண்டாம் சுற்றில் தன்ராஜ் வேகத்தைக் குறைத்தார். "ஏறுங்க அக்கா, உங்க சீட்டு காலியாப் போகுது!"

"வண்டி நிக்கக் கூடாதுங்க. போங்க."

மூன்றாம் சுற்றில் அவர் கூப்பிடவில்லை. கையை உயர்த்தினார்.

பிள்ளைகளிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர்களும் உயர்த்தினார்கள். பன்னிரண்டு கைகள். ஒருவரும் டாட்டா காட்டவில்லை. அவளைப் போலவே, அசைக்காமல்.

எத்தனையோ ரயில்களை அனுப்பியிருக்கிறாள். முகம் பார்க்கிற வேகத்தில் ஒன்றும் போனதில்லை.

கடைசிப் பெட்டி தாண்டும்வரை கையை இறக்கக் கூடாது. அது கேங் வழக்கம்.

இந்த ரயிலுக்கு மொத்தமே மூன்று பெட்டிகள்.

அவள் கை இறங்க வெகுநேரம் ஆனது.