செங் ஹோ கைவிட்ட ரிப்பேர்

"லைட் எரியுது, தட்டு சுத்துது, முடிஞ்சதும் மணி கூட அடிக்குது. கறி மட்டும் ஜில்லுனு இருக்கு" என்றாள் பீ லெங். கையில் நேற்று மீந்த பன்றி வறுவல்.

செங் ஹோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைக்ரோவேவின் முன்னால் வந்து நின்றார். ஜெலுத்தோங்கில் அவருடைய ரிப்பேர் கடையை மூடி வெகுநாளாகிறது. ஆனாலும் அந்தத் தெருவில் எது கெட்டாலும் அவர் வீட்டுக்குத்தான் வரும்.

ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்து ஓடவிட்டார். மணி அடித்ததும் விரலை விட்டுப் பார்த்தார்.

"ம்ஹூம்."

"சங்கத்து விருந்துல குலுக்கல்ல எனக்கு விழுந்தது இது. என் ஆயுசுக்கு விழுந்த ஒரே பரிசு. தூக்கிப் போடணும்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஒரே பரிசா? அப்ப நான்?"

"நீங்க பரிசு இல்ல. பரிசோட சும்மா ஒரு துண்டு குடுப்பாங்களே, அது."

மாடியிலிருந்து இறங்கி வந்த ஷஸ்வானி சிரித்துவிட்டாள். கிளந்தானிலிருந்து வந்து, பக்கத்து மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி எடுப்பவள். மாடி அறையில் குடியிருக்கிறாள். நோன்பு மாதம் என்பதால், விடிவதற்கு முன் சாப்பிட முந்தின நாளே சோற்றுப் பொட்டலம் வாங்கி வைத்துவிடுவாள்.

"இன்னைக்கும் ஆறின சோறுதான் தின்னியா வானி?" என்றார் செங் ஹோ.

"எனக்கு அதுதான் பிடிக்கும் அங்கிள்."

வந்த நாளிலிருந்து அவள் சொல்வது இதுதான்.

செங் ஹோ மைக்ரோவேவைப் பின்அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் மூடியைக் கழற்றினார். பீ லெங் எட்டிப் பார்க்க வந்தாள்.

"கிட்ட வராதே. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரண்ட் தேங்கி நிக்கும். தொட்டா ஆளையே தூக்கிப் போட்டுடும்."

அவள் கதவோரமே நின்றுகொண்டாள். அவர் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு, மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"பியூஸ் நல்லா இருக்கு. கதவு சுவிட்ச் நல்லா இருக்கு. டயோடும் பரவால்ல."

"எல்லாம் நல்லா இருந்தா ஏன் சூடாகல?"

செங் ஹோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேக்னட்ரான் போயிடுச்சு. சூட்டைக் கிளப்பறதே அதுதான். இந்த மாடலுக்கு இப்ப அது கிடைக்காது. புதுசுதான் வாங்கணும்."

"முடியாதுன்னா சொல்றீங்க? நீங்களா?"

"முடியாது சுவான்... பீ லெங்" என்று தன் அக்காவின் பெயரையும் சேர்த்து உளறினார்.

"போச்சு. பெயரும் மறக்குது, தொழிலும் மறக்குது."

விஷயம் உடனே வெளியே போய்விட்டது. பீ லெங் வாயில் எது நின்றது? அடுத்த வீட்டு ஆ லான் வந்தாள். ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மின்விசிறியைத் தேடி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. உங்களுக்கும் வயசாகுது. நான் கடையிலயே குடுத்துக்கறேன்."

செங் ஹோ தலையை மட்டும் ஆட்டினார். மின்விசிறி வாசல் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பீ லெங்குக்கே மனசு கேட்கவில்லை. அதற்குமேல் அவரை எதுவும் சொல்லாமல் புதிது வாங்கச் சம்மதித்தாள்.

சாயங்காலம் புது மைக்ரோவேவ் வந்தது. செங் ஹோ அதைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சமையல் மேடையில் வைத்தார்.

"இதுல நம்ம வீட்டுக் கறி எதையும் வைக்கக்கூடாது. கொழுப்பு தெறிச்சா வாரண்டி போயிடும். கறியைச் சட்டியில சூடு பண்ணிக்கோ."

"அப்புறம் இதுக்கு எதுக்கு ஒரு மிஷினு? ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடவா?"

"காப்பி, பால், ரொட்டின்னு எவ்வளவோ இருக்கே."

வானி அப்போதுதான் பேரீச்சம்பழத்தைத் தின்று நோன்பு திறந்திருந்தாள். முன்னால் சோற்றுப் பொட்டலம்.

"வானி, ஓடுதான்னு பாக்கணும். உன் சோத்தைக் குடேன்."

அவள் தயங்கினாள். "இதுல வேற ஏதாச்சும் வச்சீங்களா அங்கிள்?"

"இப்பதானேம்மா பெட்டியைப் பிரிச்சேன். நீயே பாத்தியே."

அவள் எழுந்து வந்து சோற்றைத் தட்டில் கொட்டித் தானே உள்ளே வைத்தாள். மணி அடித்துக் கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. ஒரு வாய் எடுத்து வைத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். செங் ஹோ அதைப் பார்த்துவிட்டுப் பின்அறைக்குப் போனார்.

பீ லெங், தன் பரிசைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று பின்அறை வாசல்வரை போனாள். உள்ளே செங் ஹோ போனில் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"உன் காப்பிக் கடைக்கு எடுத்துக்கோ. ஒரு கோளாறும் இல்லடா. காலையில நான்தான் ஒரு ஒயரைப் பிடுங்கி, டேப் சுத்தி ஓரமா வச்சேன். இப்ப திரும்பச் சொருகிட்டேன். அந்தப் பொண்ணு பன்னிக்கறி வச்ச மிஷின்ல எப்படிச் சூடு பண்ணும்? 'உனக்கு ஒண்ணு வாங்கறேன்'னா, 'வேணாம் அங்கிள், நான் வேற ரூம் பாத்துக்கறேன்'னு நிக்குது. அண்ணிகிட்ட மூச்சு விடாதே. அவளுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரியும், அந்தப் பொண்ணு காதுலயும் விழுந்துடும்."

பீ லெங் சத்தம் காட்டாமல் சமையலறைக்குத் திரும்பினாள்.

"அங்கிளுக்கு ரொம்ப வருத்தமா ஆன்ட்டி?" என்று வானி மெதுவாகக் கேட்டாள்.

"இருக்காதா பின்ன?" என்றாள் பீ லெங், பின்அறைவரை கேட்கும்படி. "வயசாயிடுச்சு. இப்பல்லாம் அவருக்கு ஒரு மிஷினும் சரி பண்ணத் தெரியறதில்ல."