துணி கட்டிய பாத்தி

“கிளெம் வேலைதான் இது! வேற எவன் செய்வான்?”

பிடுங்கி வந்த ஸ்வீட் பீ பூக்கொடியை ஊர்க்கூட்ட மேஜைமேல் போட்டாள் பெரில். இலையெல்லாம் முறுக்கிக்கொண்டு, ஒரு மொட்டுகூட இல்லாமல் கிடந்தது.

மலர்க் கண்காட்சி நெருங்கிவிட்டது. தெருவில் ஒரு வீட்டிலும் கொடி தேறவில்லை.

“நத்தையா இருக்குமோ?” என்றார் கமிட்டித் தலைவர் ஹம்ஃப்ரி.

“நத்தை இலையைத் தின்னும். முறுக்கியா விடும்?”

“பூச்சி?”

“சோப்புத் தண்ணி அடிச்சாச்சு. வேரைத் தோண்டியும் பார்த்தாச்சு. இது களைக்கொல்லிதான். ராத்திரியோட ராத்திரியா வேலிக்கு மேல அடிச்சிருக்கான்!”

எல்லாரும் கடைசி நாற்காலியைப் பார்த்தார்கள். கிளெம் தலைகுனிந்து டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார். பெரிலின் பக்கத்து வீட்டுக்காரர். வருஷா வருஷம் கண்காட்சிக் கோப்பையை அவர்தான் தூக்கிக்கொண்டு போவார். பெரிலுக்கு எப்போதும் இரண்டாம் பரிசு.

“ஏன் கிளெம், நாங்க எல்லாரும் புலம்பறோம், நீ மட்டும் வாயே திறக்கலையே? உன் பாத்தியைச் சுத்தி எதுக்குத் துணி?”

“காத்து அதிகம்.”

“காத்தாம் காத்து! எங்க வீட்டுப் பக்கம் அடிக்காத காத்து!”

“நான் இந்த வருஷம் போட்டிக்கு வரலை பெரில். விட்டுடு.”

“மாட்டிக்கிட்டதும் நழுவறதைப் பாருங்க!”

“ஆதாரம் வேணுமேம்மா” என்றார் ஹம்ஃப்ரி.

“கொண்டு வரேன். கொண்டு வராம விடமாட்டேன்!”

அன்றிலிருந்து கிளெமுக்குக் குட்மார்னிங் சொல்லக்கூட ஆளில்லை. பப்பில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து மேஜை காலியாகும்.

பெரில் சொன்னால் சொன்னதுதான். இரண்டு தொட்டி எடுத்தாள். ஒன்றில் கிளெமின் வேலியோரத்து மண்; மருந்து அடித்திருந்தால் அங்கேதான் விழுந்திருக்கும். இன்னொன்றில் தன் குதிரை லாயத்து எரு, தாய்ப்பால் மாதிரி சுத்தமானது. இரண்டிலும் பீன்ஸ் விதையை ஊன்றினாள். வேலியோரத்துச் செடி முறுக்கிக்கொண்டு வரட்டும், அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஹம்ஃப்ரியின் மேஜையில் வைக்க வேண்டியதுதான்.

முளைத்தது. வேலியோரத்து மண்ணில் பீன்ஸ் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது.

எருவில் வந்ததுதான் முறுக்கிக்கொண்டு சுருண்டது.

அப்படியானால் குதிரை தின்றதில்தான் ஏதோ இருக்கிறது. குதிரைக்குக் காய்ந்த புல் விற்றவனுக்குப் போன் போட்டாள்.

“ஆமாங்க, வயல்ல களைக்கொல்லி அடிச்சேன். குதிரைக்கு ஒண்ணும் ஆகாது” என்றான் அவன் சாவகாசமாக.

குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லைதான். விஷம் அப்படியே எருவில் இறங்கியிருந்தது.

பெரில் போனை வைத்துவிட்டு நேரே கிளெம் வீட்டுக்கு ஓடினாள். கதவைக்கூடத் தட்டவில்லை. தோட்டத்துக்குள் புகுந்து துணியை விலக்கினாள்.

அவள் கொடிகளைவிட மோசமாகக் கிடந்தன அவருடைய கொடிகள்.

“உனக்குமா?”

கிளெம் பின்னால் வந்து நின்றார். “மார்ச்ல நீதானே ரெண்டு கைவண்டி எரு கொட்டிட்டுப் போனே? தெருவுல எல்லா வீட்டுக்கும் சும்மா குடுத்த மாதிரி.”

“எருதான்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“மே மாசமே. அந்த எருவுல பீன்ஸ் போட்டுப் பார்த்தேன்.”

“அடப்பாவி மனுஷா! அத்தனை பேர் முன்னாடி உன்னைக் கிழிகிழின்னு கிழிச்சேனே, அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” பெரிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எதுக்கு இப்படித் துணி கட்டி மூடி வச்சே?”

“என் கொடியும் போச்சுன்னு தெரிஞ்சா என்மேல சந்தேகம் போயிடும். அப்புறம் எல்லாரும் எருவைத் தேடிக்கிட்டு உன் வாசலுக்குத்தான் வருவாங்க” என்றார் கிளெம். “வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிட்டு வந்து ஊர் வயித்தெரிச்சலை வாங்கினவன் நான். எனக்குப் பழகிப்போச்சு. நீ தாங்க மாட்டே பெரில்.”