பின்வீட்டுக்குப் போகாத வைபை

"ரவுட்டர் பழுது, கடைக்குக் கொண்டுபோகணும் எண்டு சொல்லிட்டுப் போங்க அண்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அஜந்தா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ரவுட்டர் திருத்த வந்து பையைக் கீழே வைத்த ரதீஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். நாவற்குடாவிலிருந்து கொளுத்தும் வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்திருக்கிறான். வந்ததும் வராததுமாக இப்படி ஒரு வேண்டுகோள்!

"ஏன் தங்கச்சி, பொய் சொல்லவா என்னைக் கூப்பிட்டீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்வாசல் வழியாக அவளுடைய அப்பா கனகசூரியம் வந்துவிட்டார். காலையில் மூன்று தடவை போன் எடுத்து, ரதீசை ஆரையம்பதிக்கு வரவழைத்தவர் அவர்தான்.

"வா மனே, வா. விடிஞ்சதிலருந்து எங்கட போனுக்கு வைபை லைன் இல்ல. கட்டார்ல இருக்கிற மகன் வெள்ளிக்கிழமையில பத்து மணிக்கு வீடியோ கோல் எடுப்பான். இண்டைக்கு டிக்கெட் போட்ட திகதி சொல்லுறன் எண்டவன். மூண்டு வருசத்துக்குப் பிறகு வாறான் மனே. இப்ப மணி பத்தரை."

"அப்பா, நீங்க போய் இருங்க. நெஞ்சில ஒப்பரேசன் செஞ்ச ஆள் இப்பிடி ஓடித்திரியக் கூடாது," என்றாள் அஜந்தா. அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

ரதீசுக்கு அது பிடிக்கவில்லை. பெற்ற தகப்பனை முகம் பார்த்துப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

ரவுட்டரில் எல்லா விளக்குகளும் பச்சையாகவே எரிந்தன. அவனுடைய போனில் லைன் பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்தப் போனைப் பிடித்தபடியே பெரியவரின் பின்னால் வளவின் கடைசிக்குப் போனான். அங்கே தகரம் போட்ட இரண்டு அறைகள். ஊர் வழக்கப்படி கல்வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரியவரும் மனைவி அன்னப்பூரணியும் இங்கே வந்துவிட்டார்கள். முன்வீட்டு வைபைதான் இவர்களுக்கும்.

அங்கேயும் ரதீசின் போனில் லைன் நன்றாகவே இருந்தது.

அன்னப்பூரணி வாசற்படியில் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, மகன் அனுப்பிய சேலையை உடுத்தியிருந்தாள்.

"நான்தான் என்னத்தையும் அமத்திப்போட்டனோ மனே? புள்ள எடுத்து எடுத்துப் பாத்திட்டு, அம்மாக்கு என்னவோ எண்டு யோசிப்பானே."

"உங்கள்ல பிழை இல்ல அம்மா. அஞ்சு நிமிசம் பொறுங்க."

முன்வீட்டுக்குத் திரும்பி வந்து மடிக்கணினியைத் திறந்தான். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லை அடித்து உள்ளே போனான். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், தடுத்து வைக்கப்பட்ட போன்களின் பட்டியலில் நின்றான். அதில் ஒரே ஒரு போன்தான் இருந்தது, அன்னப்பூரணியின் போன்.

ஆக, பழுது என்று எதுவுமே இல்லை. வேண்டுமென்றே யாரோ தடுத்திருக்கிறார்கள்.

"இது ஆர் செஞ்ச வேலை?" என்றான், பெரியவர் காதில் விழாதபடி.

"எங்கட வீட்டுக்காரர். நான்தான் செய்யச் சொன்னன்." அஜந்தாவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. விடிய விடியச் சண்டை பிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தான். "வீட்டையும் வளவையும் வாங்கிட்டு, பெத்ததுகளைத் தகரத்துக்குக் கீழ வெச்சிருக்கீங்க. மகன்ட முகத்தைப் பாக்கவும் விடமாட்டீங்களா?"

"அப்பிடி இல்ல அண்ணா. அவர் இப்ப வந்திடுவார். அவர் வாறமட்டும் பொறுங்க. பிறகு நாங்களே..."

"சரி வந்திட்டா மனே?" என்று கேட்டுக்கொண்டே கனகசூரியம் மறுபடியும் வந்து நின்றார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. அஜந்தா சட்டென்று வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். ரதீசைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ ரவுட்டர்களைப் பார்த்தவன் அவன். இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரியை எங்கேயும் பார்த்ததில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே தடையை எடுத்துவிட்டான்.

"ஐயா, இப்ப அம்மாவைப் பாக்கச் சொல்லுங்க."

"நீ நல்லாயிருப்பாய் மனே!" பெரியவர் பாதி ஓட்டமாகப் பின்வீட்டுக்குப் போனார்.

நல்லது ஒன்று செய்துவிட்ட சந்தோசத்தில் ரதீஸ் வயர்களைச் சுருட்டத் தொடங்கினான். பின்வீட்டிலிருந்து அன்னப்பூரணியின் போன் ஒலித்தது. மறுபடி ஒலித்தது. மூன்று, ஐந்து, எட்டு என்று மெசேஜ்கள் நிற்காமல் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

"கேட்டுதா தங்கச்சி? பாவம், எவ்வளவு மெசேஜ் வந்து கிடந்திருக்கு," என்றான் குத்தலாக.

அஜந்தா தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் டொக்டரைக் கூட்டிவரத்தான் போயிருக்கார் அண்ணா. டொக்டரைப் பக்கத்தில வெச்சுக்கொண்டு அப்பாக்குச் சொல்லுவம் எண்டுதான்..."

"என்னத்தைச் சொல்ல?"

அதற்குள் பின்வீட்டிலிருந்து அன்னப்பூரணியின் குரல் கேட்டது.

"அஜந்தா, இஞ்ச ஒருக்கா வா புள்ள. உன்ட தம்பிட படத்தைப் போட்டு எல்லாரும் கண்ணீர் அஞ்சலி எண்டு அனுப்பியிருக்காங்க, எந்த மடையன் இப்பிடி விளையாடுறான்?"