வரப்போரத்து நாலு சால்

துரிசுப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு, கொழுந்தன் தோட்டத்துத் தென்னைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள் ராசம்மாள்.

வெயில் தாழ்ந்தால் அவள் பால் சொசைட்டியில்தான் இருப்பாள். இன்றைக்குப் பாலைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

எதிரே பெரிய டிரம். சாணித் தண்ணீரை வடிகட்டி, அந்தத் தெளிவில் வேளாண்மை ஆபீசான கிருஷிபவனில் வாங்கிய சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர்ப் பொடியைக் கரைத்து வைத்திருந்தார்கள் கொழுந்தன் பூபதிராஜாவும் அவன் பெண்டாட்டி யோகப்பிரியாவும். இரண்டு பேரும் டீ குடிக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

சாணித் தண்ணீராம், சாணித் தண்ணீர்! அதைத் தெளித்துத்தான் அவர்கள் தக்காளி இப்படித் தளதளவென்று நிற்கிறதாம். வேலந்தாவளம் சந்தை முழுக்க இதே பேச்சு. நாளைக் காலையில் கிருஷிபவன் ஆபீசர் நேரில் பார்க்க வருகிறார். ஆவணி முதல் தேதி உழவர்களுக்கான கர்ஷக தின விழாவில் யோகப்பிரியாவுக்குத்தான் பொன்னாடை என்று ஊரில் இப்போதே முடிவு கட்டிவிட்டார்கள்.

நேற்று வந்தவள்! களை எது, பயிர் எது என்று தெரியாமல் இந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தவள்.



ராசம்மாளும் மருந்துக்கடைக்காரன் கை காட்டியதையெல்லாம் வாங்கி அடித்துப் பார்த்துவிட்டாள். ஆடிச் சாரலில் இலைக்கருகல் அவள் தக்காளித் தோட்டத்தையே தின்றுவிட்டது. தப்பியது கொழுந்தன் தோட்டத்து வரப்பை ஒட்டிய நாலு சால் செடி மட்டும். அந்த நாலு சாலும் என்ன பச்சை! காய் ஒவ்வொன்றும் கைக்கு அடங்காது. என் கைராசி ஒன்றும் போய்விடவில்லை என்று அதைப் பார்த்துத்தான் மனசைத் தேற்றிக்கொள்வாள். இந்த வருஷம் சந்தைக்கு அனுப்ப அவளுக்கென்று மிச்சமிருப்பதும் அதுதான்.

மடியை அவிழ்த்தாள். தென்னைக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த துரிசு, நீல மயில்துத்தம், நன்றாக நுணுக்கியது. சுண்ணாம்பு சேர்க்காமல் வெறும் துரிசை அடித்தால் இலை வெந்துபோகும். வரட்டும், ஆபீசர் வந்து கண்குளிரப் பார்க்கட்டும்!

டிரம்மில் கொட்டிக் கையாலேயே கலக்கினாள். சாணி நிறத்தில் துரிசின் நீலம் அடங்கிப்போயிற்று.

பேச்சுக்குரல் கேட்டதும் மறுபடி தென்னைக்குப் பின்னால் பதுங்கினாள். ஓடியிருக்கலாம். ஆனால் அடிக்கிறதைக் கண்ணால் பார்க்காமல் போக மனசு வரவில்லை.

பூபதிராஜா டேங்கை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு தன் தக்காளிப் பக்கம் திரும்பினான்.

“ஏனுங்க, எப்பவும் போல மொதல்ல அக்கா தோட்டத்து நாலு சால்ல அடிச்சுட்டு வந்துருங்க. மேக்கால காத்து அங்கிருந்துதானுங்க நோவக் கொண்டாருது,” என்றாள் யோகப்பிரியா. “அக்கா சொசைட்டியில இருந்து வர்றதுக்குள்ள முடிச்சுரோணும். பாத்தாங்கன்னா சங்கடப்படுவாங்க.”

பூபதிராஜா வரப்பைத் தாண்டினான்.

கத்தித் தடுக்கத்தான் வாயைத் திறந்தாள் ராசம்மாள்.

நகக்கண்ணிலெல்லாம் நீலம்.

கையைச் சேலைக்குள் மறைத்து, வாயை மூடிக்கொண்டாள்.